கடைமடைக்குத் தண்ணி

நேத்து ராத்திரி பத்தே முக்காலுக்கு அண்ணன்கிட்ட இருந்து போன். பெரியப்பா பையன். ஒரகடத்துல ஒரு கம்பெனியில வேலை. ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டே பேசினார்.

"தம்பி, மைக்ரோ ஆர்என்ஏன்னு ஒண்ணு வந்திருக்காமே. நோபல் பரிசு கூட குடுத்திருக்காங்களாம். அதை முதுகுல ஊசியா போட்டா செத்த நரம்பு திரும்ப உயிர் பெத்துடுமாம். வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ வந்துது, அந்த நம்பருக்கு போன் போட்டு விசாரிச்சேன். எட்டு லட்சம் ஆகும்னாங்க. ஏரிக்கரை நிலத்தைக் குடுத்துடலாமாடா?"

அந்த நிலம் எண்பது சென்ட். குடும்பத்துல மிச்சம் இருக்கிறதே அவ்வளவுதான். ஆபரேஷனுக்கு முன்னாடி வரைக்கும் பெரியப்பா தானே இறங்கி நட்ட நிலம்.

"அவசரப்படாதீங்கண்ணா, நாளைக்குச் சொல்றேன்"னு போனை வெச்சேன். தூக்கம் வரல. அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்க எழுதுறேன். இதே வீடியோ உங்க வீட்டுக்கும் வந்திருக்கலாம். அதோட, இதுல நான் செஞ்ச தப்பு ஒண்ணு இருக்கு. அதையும் சொல்லாம இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

கொஞ்சம் நீளமாத்தான் போகும். பொறுத்துக்கோங்க.

உத்திரமேரூர்ல இருந்து மானாம்பதி போற ரோட்டுல எங்க கிராமம். நான் பக்கத்துலயே சின்னதா ஒரு கிளினிக் வெச்சிருக்கேன். பெரியப்பாவுக்கு அப்போ 64 வயசு. முப்பது வருஷ பீடி. பத்து வருஷ பிபி. அந்த பிபி மாத்திரையை அவர் ஒழுங்கா சாப்பிட்டதே கிடையாது. தலை சுத்தினா ஒண்ணு போடுவார், சரியாயிட்டா நிறுத்திடுவார். நானும் பார்க்கும்போதெல்லாம் பெரியம்மாகிட்ட ஒரே பாட்டுதான் பாடுவேன்: "என்ன ஆனாலும் பிபி மாத்திரையை மட்டும் நிறுத்தக்கூடாது பெரியம்மா."

இந்த வாக்கியத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஒரு நாள் முதுகு வலின்னு வந்தார். வயல்ல குனிஞ்சு நிமிர்றவங்களுக்கு முதுகு வலி புதுசா என்ன? ரெண்டு தடவை வலி மாத்திரை குடுத்து அனுப்பினேன். மூணாவது தடவை, ராத்திரி படுத்தாலும் தோள்பட்டைக்கு நடுவுல வலிக்குதுன்னார். எக்ஸ்ரே எடுத்தா நெஞ்சுக்குள்ள மகாதமனி இருக்கிற இடம் அகலமா தெரிஞ்சுது. சிடி ஸ்கேன்ல 6.5 சென்டிமீட்டர். இருக்க வேண்டியது மூணுக்குள்ள. சைக்கிள் டியூப்ல ஒரு இடம் பலவீனமாகி முட்டை மாதிரி புடைக்கும் பாருங்க, அது மாதிரி. அப்படியே விட்டா ஒரு நாள் வெடிக்கும். வெடிச்சா உத்திரமேரூர் எல்லையைத் தாண்டுறதுக்குள்ள உயிர் போயிடும்.

சென்னையில ஒரு ஆஸ்பத்திரியில, தொடை வழியா உள்ள போய், துணியும் கம்பி வலையும் சேர்ந்த ஒரு குழாயை மகாதமனிக்குள்ள வெச்சாங்க. ஸ்டென்ட் கிராஃப்ட். ஒரு சாண் நீளத்துக்கு மேல இருக்கும். அருமையா வேலை செஞ்சிருந்தாங்க. ரெண்டாம் நாள் எழுந்து நடந்தார். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்துட்டார். பெரியம்மா ஊருக்கே பாயசம் குடுத்தாங்க.

பன்னிரண்டாம் நாள் விடிகாலை அஞ்சு மணிக்கு பெரியம்மா போன்ல அழுதாங்க. "கால் வரலைங்குறாருப்பா. எழுந்து நின்னாரு, அப்படியே சரிஞ்சிட்டாரு."

போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கும் வாசப்படிக்கும் நடுவுல பாய் போட்டுப் படுக்க வெச்சிருந்தாங்க. பேச்சு தெளிவா இருக்கு. கை ரெண்டும் நல்லா இருக்கு. வாய் கோணல. கால்ல மட்டும் உயிர் இல்ல. இடது கட்டைவிரல் லேசா துடிக்குது, வலது அதுவும் இல்ல. பக்கத்துல சொம்புல பானைத் தண்ணி இருந்துது. சொம்போட அடிப்பக்கத்தை முட்டிக்குக் கீழ வெச்சு அழுத்தினேன்.

"ஏதாச்சும் தெரியுதா பெரியப்பா?"

"ஏதோ படுது."

"ஜில்லுனு இருக்கா?"

"இல்லியே."

கண்ணை மூடச் சொல்லி, கால் பெருவிரலைப் பிடிச்சு மேலயும் கீழயும் அசைச்சேன். எந்தப் பக்கம் அசைக்கிறேன்னு ஒவ்வொரு தடவையும் கரெக்ட்டா சொன்னார்.

எனக்கு வயித்துல புளியைக் கரைச்சது. தொடுறது தெரியுது, விரல் எங்க இருக்குன்னு தெரியுது. ஆனா சூடு குளிர் தெரியல, அசைவும் இல்ல. அப்படின்னா முதுகுத்தண்டுவடத்தோட முன்பக்கம் மட்டும் பட்டினி கிடக்குது. பின்பக்கத்துக்குத் தனி ரத்தக்குழாய், அது ஓடுது. மெடிக்கல் காலேஜ்ல பரிட்சைக்குப் படிச்சது. அது எங்க வீட்டு வாசப்படியில வந்து படுத்திருக்கும்னு நினைக்கல.

பிபி பார்த்தேன். 84/56. பல்ஸ் 62.

"நேத்து என்ன சாப்பிட்டாரு?"

முந்தின நாள் சாயங்காலத்துல இருந்து ஆறேழு தடவை வயித்தால போயிருக்கு. ராத்திரி சாப்பிடல. "ஆனா மாத்திரையை மட்டும் விடலப்பா"ன்னு பெரியம்மா பெருமையா சொன்னாங்க. ஆஸ்பத்திரியில குடுத்த புது மாத்திரையும், அலமாரியில இருந்த பழைய மாத்திரை ரெண்டும். "நீதானே சொன்ன, என்ன ஆனாலும் நிறுத்தக்கூடாதுன்னு."

பழைய மாத்திரையில ஒண்ணு ரத்தக்குழாயை விரிக்கும். இன்னொண்ணு உப்பையும் தண்ணியையும் சிறுநீர்ல இறக்கும். ஏற்கனவே வயித்தால போய் உடம்புல தண்ணி இல்ல. பிபி இவ்வளவு இறங்கினா இதயம் பதறி ஓடணும், பல்ஸ் நூறைத் தாண்டணும். புது மாத்திரை அந்த ஓட்டத்தையும் கட்டிப் போட்டுடுச்சு. மூணும் அதது நல்ல மாத்திரைதான். அன்னிக்கு ஒண்ணா சேர்ந்து கவுத்துடுச்சு.

டிஸ்சார்ஜ் சம்மரி நாலு பக்கம். மூணாவது பக்கத்துல ஒரு வரி இருந்துது: பழைய பிபி மாத்திரைகள் நிறுத்தப்பட்டன, ரத்த அழுத்தம் குறையாம பார்த்துக்கொள்ளவும். இங்கிலீஷ்ல. பெரியம்மாவால படிக்க முடியாது. படிக்கத் தெரிஞ்சவன் நான். வீட்டுக்கு வந்த அன்னிக்கு அந்த ஃபைலை வாங்கி, ஸ்கேன் படத்தைப் பார்த்தேன், தொடையில தையலைப் பார்த்தேன், "சூப்பரா பண்ணிருக்காங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். மூணாவது பக்கத்தைத் திருப்பல.

இப்போ ஏன் இப்படி ஆச்சுன்னு பார்ப்போம். அதுக்கு எங்க ஊர் ஏரியே போதும்.

உத்திரமேரூர்னாலே எல்லாரும் குடவோலை பத்தித்தான் பேசுவாங்க. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919, 921. பாடப்புத்தகத்துல வந்தாச்சு. ஆனா அதே கல்வெட்டுல ஏரி வாரியம்னு ஒண்ணு வரும், ஏரியைப் பார்த்துக்கிறதுக்குன்னே தனிக் குழு. விவசாயி வீட்டுப் பையனா எனக்கு அதுதான் பெருசா படும். ஓட்டு போடுறது வருஷத்துக்கு ஒரு தடவை. மதகு திறக்குறது தினமும்.

ஏரித் தண்ணி மதகு வழியா வாய்க்காலுக்கு வரும். வாய்க்கால்ல இருந்து மடை மடையா வயலுக்குப் போகும். முதல் மடைக்காரனுக்கு என்னிக்கும் கவலை இல்ல. ஏரியில மட்டம் இறங்கினா முதல்ல காயறது கடைமடைதான்.

தண்டுவடமும் அப்படித்தான். முன்பக்கம் மேலிருந்து கீழ ஒரே ஒரு மெல்லிசான தமனி. அது தனியா மொத்த நீளத்தையும் காப்பாத்த முடியாது. அதனால மகாதமனியில இருந்து வழியில சில கிளைகள் வந்து சேரும். அதுல பெரிய கிளைக்கு ஆடம்கீவிச் தமனின்னு பேர். போலந்துக்காரர் ஆல்பர்ட் ஆடம்கீவிச், 1880களின் தொடக்கத்துல இதை விவரமா எழுதி வெச்சார். பெரும்பாலும் இடது பக்கம், நெஞ்சு முதுகெலும்போட கீழ்ப்பகுதியில இருந்து கிளம்பும். நெஞ்சுக்கு நடுவுல இருக்கிற தண்டுவடப் பகுதிக்கு மேலிருந்தும் தண்ணி குறைச்சல், கீழிருந்தும் குறைச்சல். அதுதான் கடைமடை.

ஸ்டென்ட் கிராஃப்ட் வெச்சா புடைப்பு அடைபடும். கூடவே அந்த நீளத்துல இருக்கிற சின்னச் சின்ன மடைகளும் அடைபடும். வேற வழியே இல்ல. ஆனாலும் பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஏன்னா பக்கத்து வயல்ல இருந்து கசிவு வரும். இடுப்புப் பக்கத்துல இருந்து, கழுத்துப் பக்கத்துல இருந்து, முதுகுத் தசைக்குள்ள ஓடுற சின்னக் குழாய்கள்ல இருந்தெல்லாம் ரத்தம் சுத்தி வந்து சேரும். அந்தக் கசிவுப் பாதை அகலமாக நாள் பிடிக்கும். அதுவரைக்கும் ஏரி மட்டம் இறங்கக்கூடாது. அதாவது பிபி இறங்கக்கூடாது.

பெரியப்பா பன்னிரண்டு நாள் அந்தக் கசிவுலதான் நடந்துக்கிட்டு இருந்தார். அன்னிக்கு ராத்திரி மட்டம் இறங்கிடுச்சு.

இந்தப் பயம் புதுசு இல்ல. நெஞ்சையும் வயித்தையும் திறந்து மகாதமனியை மாத்துற பெரிய ஆபரேஷன்ல, ஹூஸ்டன்ல கிராஃபோர்டு குழு 1993ல 1509 பேரோட கணக்கை வெளியிட்டாங்க. நூத்துக்கு 16 பேருக்குக் கால் முழுசா செயலிழந்தது அல்லது பலவீனமாச்சு. அதே ஹூஸ்டன்ல கோசெல்லி குழு 2016ல 3309 ஆபரேஷனோட கணக்கைக் குடுத்தாங்க. நிரந்தரமா நடக்க முடியாமப் போனவங்க நூத்துக்கு மூணு பேருக்குள்ள, நிரந்தரப் பலவீனம் இன்னொரு ரெண்டரைக்குள்ள. அந்த இறக்கம் ஒரே மருந்தால வந்தது இல்ல. உடம்பைக் குளிர வைக்கிறது, சின்னக் கிளைகளைத் திரும்ப இணைக்கிறது, பிபியை உயர்த்தி வைக்கிறது, முதுகுல இருந்து நீரை வடிக்கிறதுன்னு பல கை சேர்ந்து இழுத்த தேர்.

நீரை வடிக்கிறதுதான் பெரியப்பாவையும் காப்பாத்துச்சு. அதைச் சொல்லணும்.

வாய்க்கால்ல தண்ணி இருந்தா மட்டும் வயலுக்குப் பாயாது. வயல்ல ஏற்கனவே தேங்கி நிக்கிற மட்டத்தைவிட வாய்க்கால் மட்டம் உசரமா இருக்கணும். தண்டுவடத்தைச் சுத்தி ஒரு நீர் இருக்கு, மூளைத்தண்டுவட நீர். அதுக்கும் ஒரு அழுத்தம் உண்டு. ரத்தத்தோட சராசரி அழுத்தத்துல இருந்து அந்த நீரோட அழுத்தத்தைக் கழிச்சா வர்றதுதான் தண்டுவடத்துக்கு நிஜமா கிடைக்கிற பங்கு.

பெரியப்பாவோட 84/56க்கு சராசரி கிட்டத்தட்ட 65. நீரோட அழுத்தம் 15ன்னு வெச்சுக்கிட்டா மிச்சம் 50. அதே பிபி சராசரியை 95க்கு ஏத்தி, நீரை வடிச்சு 10க்கு இறக்கினா 85. அம்பதுக்கும் எண்பத்தஞ்சுக்கும் நடுவுலதான் ஒரு மனுஷனோட ரெண்டு காலும் இருக்கு.

2002ல கோசெல்லி குழுவே 145 பேரை ரெண்டாப் பிரிச்சுப் பார்த்தாங்க. நீரை வடிக்காதவங்கள்ல 13 சதவீதம் பேருக்குக் கால் பாதிப்பு, வடிச்சவங்கள்ல 2.6. இடுப்புல ஒரு மெல்லிசு ட்யூப், ஒரு பை. அவ்வளவுதான் சாமான். ஆனா அதை வேகமா வடிச்சா மூளையில ரத்தக்கசிவு வந்துடும். அதனால மணிக்கணக்குப் பார்த்து, பக்கத்துலயே ஆள் நின்னு வடிக்கணும்.

என்கிட்ட அந்த ட்யூப் இல்ல. இருந்தது ரெண்டு சலைன் பாட்டில், ஒரு பிபி மெஷின். படுத்த மேனிக்கே வெச்சு, காலைத் தூக்கி, ரெண்டு கையிலயும் சலைன் ஓட விட்டேன். ஜன்னல் கம்பியில பாட்டிலைக் கட்டினது அண்ணன்தான். சென்னையில ஆபரேஷன் பண்ண டாக்டருக்குப் போன் போட்டேன். ரெண்டாவது ரிங்ல எடுத்தார். "பிபியை ஏத்துங்க, உட்கார வைக்காதீங்க, கிளம்பி வாங்க, ட்ரெய்ன் ரெடியா வெக்கிறேன்." 108 வந்துது. வாலாஜாபாத், ஒரகடம், படப்பை, தாம்பரம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பிபி. 96. 104. 110. ஒரகடம் தாண்டி இருக்கும், பெரியப்பா சொன்னார்: "இந்தப் பக்கம் விரலு அசையுதா பாரு."

இடது கால் விரல் அஞ்சும் அசைஞ்சுது. நான் பாட்டிலைப் பிடிச்சிருந்த கையால கண்ணைத் துடைச்சேன்.

அங்க ட்யூப் போட்டு மூணு நாள் வடிச்சாங்க. இடது கால் முக்கால்வாசி திரும்பி வந்துடுச்சு. வலது கால் பாதிதான். வாக்கர் வெச்சு நடப்பார். ரெண்டு கால்லயும் சூடு குளிர் தெரியாது.

சரி, இப்போ அண்ணனோட கேள்வி. மைக்ரோ ஆர்என்ஏ.

நம்ம செல்லுக்குள்ள டிஎன்ஏதான் மூலப்பத்திரம். அதுல இருந்து வேணுங்கற பகுதியை நகல் எடுத்து ஒரு சீட்டா அனுப்பும். அந்தச் சீட்டைப் படிச்சுத்தான் புரதம் தயாராகும். எந்தச் சீட்டு எவ்வளவு படிக்கப்படணும்னு அடக்கி வைக்கிற ஒரு துண்டுதான் மைக்ரோ ஆர்என்ஏ. சுமார் 22 எழுத்து நீளம். சீட்டு மேல போய் ஒட்டிக்கும். ஒட்டினா சீட்டைப் படிக்க முடியாது, அல்லது சீட்டே கிழிஞ்சிடும்.

ஏரிப் பாசனத்துல நீர்க்கட்டின்னு ஒருத்தர் இருப்பார். வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன்: மடையைத் திறக்குறதும் அடைக்கிறதும் அவர் வேலை. அவர் ஒரு சொட்டுத் தண்ணி உண்டாக்குறது இல்ல. ஆனா யார் வயல் விளையும், யார் வயல் காயும்ங்கறது அவர் மண்வெட்டியில இருக்கு. மைக்ரோ ஆர்என்ஏ செல்லோட நீர்க்கட்டி.

1993ல விக்டர் ஆம்ப்ரோஸ் குழுவும் கேரி ருவ்குன் குழுவும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவுல இதைக் கண்டுபிடிச்சாங்க. ரொம்ப வருஷம் யாரும் கண்டுக்கல. ஏதோ புழு சமாச்சாரம்னு விட்டுட்டாங்க. 2000ல ருவ்குன் கண்டுபிடிச்ச ரெண்டாவது ஒண்ணு மனுஷன் வரைக்கும் பல விலங்குகள்லயும் இருக்குன்னு தெரிஞ்சப்பதான் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்துது. 2024ல ரெண்டு பேருக்கும் நோபல். வீடியோவுல சொன்ன நோபல் நிஜம். அது முதுகுல போடுற ஊசிக்குக் குடுத்தது இல்ல.

ஆனா முதுகுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையான்னா, இருக்கு.

தண்டுவடம் ரத்தம் இல்லாமச் சாகிறது ரெண்டு தவணையில. முதல் தவணை ரத்தம் நிக்கிறப்போ. ரெண்டாவது ரத்தம் திரும்பின பிறகு. பட்டினி கிடந்த இடத்துல அழற்சி கிளம்பும், குழாய்ச் சுவர் கசியும், தண்டுவடம் வீங்கும். எலும்புக் கூட்டுக்குள்ள வீங்க இடம் ஏது? வீக்கமே திரும்பவும் ரத்தத்தை நெரிக்கும். ஆபரேஷன் முடிஞ்சு காலை ஆட்டிக் காட்டினவங்க, மறுநாளோ மூணாம் நாளோ ஆட்ட முடியாமப் போறதுக்கு இது ஒரு காரணம். பெரியப்பா மாதிரி வீட்டுக்கு வந்த பிறகு ஆகிறது அபூர்வம். ஆனா ஆகும்.

இந்த ரெண்டாவது தவணையைத் தடுக்க முடியுமான்னுதான் ஆராய்ச்சி. அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துல ஹம்தி அவாத்னு ஒரு மயக்கவியல் டாக்டர். 2010ல அவர் குழு எலியோட மகாதமனியைக் கொஞ்ச நேரம் கிளிப் போட்டு அடைச்சுத் திறந்து, முதல்ல கால் நல்லா இருந்து பிறகு செயலிழக்கிற அதே நிலையை எலியில உண்டாக்கிக் காட்டினாங்க. பிறகு மைக்ரோ ஆர்என்ஏ-155ஐப் பிடிச்சாங்க.

இந்த 155 அழற்சிக்காரன். அழற்சி எல்லை மீறாம இருக்க உடம்பு சில பிரேக் புரதங்களைச் செய்யும். அந்தப் பிரேக்குக்கான சீட்டைத்தான் 155 போய்க் கிழிக்கும். மழை கொட்டுறப்போ ஏரியோட கலங்கலை அடைச்சு வைக்கிற நீர்க்கட்டியை நினைச்சுப் பாருங்க. கரை நிக்குமா? 2018ல அந்தக் குழு, 155 இல்லாமப் பிறந்த எலிகள்ல அதே கிளிப்பைப் போட்டா கால் செயலிழக்கிறது குறையுதுன்னு எழுதினாங்க. சீனாவுல 2015ல இன்னொரு குழு, மைக்ரோ ஆர்என்ஏ-27ஏவை எலியோட முதுகுத்தண்டு நீருக்குள்ள முன்கூட்டியே செலுத்தினா குழாய்ச் சுவர் கசியறது குறையுதுன்னு காட்டினாங்க.

அண்ணா, ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. முதல் ஆராய்ச்சியில மருந்தே குடுக்கல. 155 பிறப்புலயே இல்லாத எலி. நம்ம பெரியப்பாவுக்கு அது பிறப்புலயே இருக்கு. ரெண்டாவதுல ஊசி போட்டது அடைப்பு வர்றதுக்கு முன்னாடி. வீட்டைக் கொளுத்துற பட்டாசு விழறதுக்கு முன்னாடியே கூரையை நனைச்சு வைக்கிற வேலை அது. எரிஞ்சு முடிஞ்ச கூரைக்கு அந்தத் தண்ணி என்ன பண்ணும்? செத்த நரம்பை எழுப்புறதா ரெண்டு பேருமே சொல்லல.

இது என்னிக்காவது மருந்தா வந்தா, ஆபரேஷன் டேபிள்ல, மகாதமனியை அடைக்கிறதுக்கு முன்னாடி, நீர் வடிக்கிற அதே ட்யூப் வழியா உள்ள போகும்னு நான் நினைக்கிறேன். அது கற்பனை இல்ல. நுசினெர்சென்னு ஒரு மருந்து, இதே மாதிரி சின்ன மரபணுத் துண்டு, பிறவித் தசைநலிவு வந்த குழந்தைங்களுக்கு இடுப்புல ஊசி போட்டு அந்த நீருக்குள்ளதான் குடுக்குறாங்க. 2016 டிசம்பர்ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. வழி இருக்கு. அந்த வழியில போக வேண்டிய ஆள் இன்னும் தயாராகல.

ஏன் தயாராகலன்னா, ஒரு நீர்க்கட்டி ஒரு மடையை மட்டும் பார்க்கிறது இல்ல. ஒரே மைக்ரோ ஆர்என்ஏ நூத்துக்கணக்கான சீட்டைத் தொடும். முதுகுல நல்லது பண்ணப் போய் வேற எங்கயோ கெட்டது பண்ணும். புற்றுநோய்க்காக எம்ஆர்எக்ஸ்34ன்னு ஒரு மைக்ரோ ஆர்என்ஏ மருந்தை மனுஷங்கள்ல சோதிச்சாங்க. நோயெதிர்ப்புச் சக்தி தாறுமாறா கிளம்பி, உயிர்ச்சேதம் ஆகி, 2016ல பாதியில நிறுத்திட்டாங்க. 155ஐ அடக்குற ஒரு மருந்தும் ரத்தப் புற்றுநோய் வகை ஒண்ணுக்கு மனுஷச் சோதனை வரைக்கும் போச்சு, கரை சேரல. நான் எழுதுற இன்னிக்கு வரைக்கும் மைக்ரோ ஆர்என்ஏ மருந்துன்னு எந்த வியாதிக்கும் கடையில விக்கிறது ஒண்ணு கூட இல்ல.

அப்போ எட்டு லட்சத்துக்கு என்ன ஊசி போடுவாங்க? அண்ணன் அனுப்பின வீடியோவைப் பொறுமையா கடைசி வரைக்கும் பார்த்தேன். மைக்ரோ ஆர்என்ஏன்னு ஆரம்பிச்சு நாலாவது நிமிஷத்துல ஸ்டெம் செல்லுக்கு வந்துட்டார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த வியாதிகளுக்கு எலும்பு மஜ்ஜை மாத்துற மாதிரி ஸ்டெம் செல் சிகிச்சை தவிர மத்ததெல்லாம் இன்னும் ஆராய்ச்சிதான். ஆராய்ச்சின்னா நோயாளிகிட்ட காசு வாங்கக்கூடாது. காசு கேட்டாலே அங்க ஆராய்ச்சி நடக்கலன்னு அர்த்தம்.

நிலத்தை விக்காதீங்கண்ணா.

அதுக்குப் பதிலா என்ன பண்ணலாம்? பெரிய லிஸ்ட் எல்லாம் இல்ல. 1954ல வேலூர்ல மேரி வர்கீஸ்னு ஒரு இளம் டாக்டர் கார் விபத்துல இடுப்புக்குக் கீழ அசைவை இழந்தாங்க. சக்கர நாற்காலியில உட்கார்ந்தே தொழுநோயாளிகளோட கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க. அவங்க முயற்சியில 1966ல வேலூர்ல மறுவாழ்வு மையம் வந்துது. அவங்க தண்டுவடம் குணமாகல. அந்தக் காலத்துல அதுக்கு மருந்து இல்ல, இன்னிக்கும் இல்ல. ஆனா புண் வராமப் புரட்டிப் படுக்க வைக்கிறது, சிறுநீரை நேரத்துக்கு எடுக்கிறது, இருக்கிற தசையைப் பழக்குறது, இதை எல்லாம் ஒழுங்காச் செஞ்சா ஆளு வாழலாம்னு காட்டினாங்க.

பெரியப்பாவுக்கு சிறுநீர் அடைப்பு நாலு மாசம் இருந்துது. பெரியம்மா, பேனா பிடிக்கத் தெரியாத கை, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சுத்தமா ட்யூப் விட்டு எடுக்கக் கத்துக்கிட்டாங்க. அந்த முறையை 1972ல ஜாக் லேப்பிடிஸ்னு ஒரு அமெரிக்க டாக்டர் சொன்னப்போ பெரிய பெரிய சர்ஜன்களே நம்பல. எங்க பெரியம்மா ஒரு தடவை கூட இன்ஃபெக்ஷன் வர விடல.

என் கிளினிக்ல ஒரு பழக்கம் மாறிடுச்சு. பெரிய ஆஸ்பத்திரியில இருந்து யார் டிஸ்சார்ஜ் ஆகி வந்தாலும், ஃபைலைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சு, வீட்டுல இருக்கிற மாத்திரை அத்தனையும் பையோட கொண்டு வரச் சொல்லுவேன். டேபிள்ல கொட்டி, எது உண்டு எது இல்லன்னு தமிழ்ல எழுதிக் குடுப்பேன். நிறுத்தினதை அங்கேயே வாங்கி வெச்சுக்குவேன். "பிபி மாத்திரையை நிறுத்தக்கூடாது"ன்னு இன்னிக்கும் சொல்றேன். நூத்துல தொண்ணூத்தொன்பது பேருக்கு அதுதான் சரி. கூடவே இன்னொரு வரியும் சேர்த்துக்கிட்டேன்: வயித்தால போனா, வாந்தி எடுத்தா, தலை சுத்தினா, அன்னிக்கு மாத்திரை போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன்.

மகாதமனி ஆபரேஷன் ஆனவங்க வீட்டுல யாராவது இதைப் படிச்சா: காலையில எழுந்ததும் காலை ஆட்டச் சொல்லிப் பாருங்க. பலவீனமா தெரிஞ்சா வாயு, சோர்வுன்னு விட்டுடாதீங்க. படுக்க வெச்சு, பிபி பார்த்து, ஆபரேஷன் பண்ண இடத்துக்கு உடனே போன் பண்ணுங்க. மதியம் பார்த்துக்கலாம்னு தள்ளாதீங்க.

இன்னிக்குக் காலையில ஆறரைக்குப் பெரியம்மாகிட்ட இருந்து போன் வந்துது. தினமும் வரும். மெஷின்ல வர்ற நம்பரை ஒவ்வொரு எழுத்தா படிப்பாங்க. "மேல ஒண்ணு மூணு ரெண்டு. கீழ எட்டு நாலு." குளிக்கிற தண்ணியை அவங்க கையை விட்டுப் பார்த்த பிறகுதான் பெரியப்பா கால்ல ஊத்துவாங்க.

"சரியா இருக்காப்பா?"

"சரியா இருக்கு பெரியம்மா."

"அப்ப வயலுக்கு அனுப்பட்டா? கரை வரைக்கும் போய்ட்டு வரேங்குறாரு. நாத்து விட்டிருக்கோம் இல்ல."

கூட யாராவது போகட்டும்னு சொன்னேன். பின்னாடி வாக்கர் தரையில படுற சத்தம் ஏற்கனவே வாசலைத் தாண்டிப் போயிட்டிருந்துது.